ஊறிய விரல்

சதுரங்கப்பட்டினம்
12.1.2024

அன்புள்ள அண்ணனுக்கு ரேணுகா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அவரும் மாமியாரும் நலம். அங்கு நீயும் ஜெயப்பிரியா அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? பனிக்கு அம்மாவின் முழங்கால் வலி அதிகமாகியிருக்குமே, தைலம் தேய்க்கிறாளா?

ஒரு பஸ் ஏறினால் செங்கல்பட்டு வந்துவிடலாம், இவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நீ சிரிப்பாய். நேரில் பார்த்தால் நாம் இரண்டு பேரும் "சாப்ட்டியா", "ம்" என்பதோடு முடித்துக்கொள்கிறோம். போனில் பேசலாம் என்றால், இந்த வீட்டில் போன் அடித்ததுமே மாமியார் ஸ்பீக்கரில் போடச் சொல்வார். "நம்ம வூட்ல ஒளிவு மறைவு இன்னா கீது?" என்பார். நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனால் பக்கத்து வீட்டுக்காரிகூட உன் குரலுக்குப் பதில் சொல்கிறாள். நான் வேலை செய்கிற ரிசார்ட்டில் அறைகளுக்கு வைக்கிற கடிதத் தாளில் மூலை மடங்கியதைக் குப்பையில் போடுவார்கள். அதை எடுத்து எழுதுகிறேன். மேலே பனைமரப் படம் இருப்பது அதனால்தான்.

பொங்கலுக்குப் புதுத்துணி வந்ததோ இல்லையோ, எங்கள் சலவைப் பிரிவுக்கு விரல் வைக்கிற மெஷின் வந்துவிட்டது. எல்லோரும் வரிசையில் நின்று விரல் கொடுத்தோம். விரலை வைத்தால் ஒரு பெண் குரல் "நன்றி" என்கிறது. என்னோடு வேலை செய்கிற கன்னியம்மா, என் வயசுதான், மீனவக் குப்பத்துப் பெண், மேனேஜர் ரஞ்சித்குமாரையே கேட்டுவிட்டாள். "ஏன் சார், ரேகைய எட்த்துகினு இன்னா பண்ணுவீங்க?" அவர், "அட்டெண்டன்ஸுக்குதாம்மா" என்றார். "கைரேகை பாக்கறவன்கூட நல்லதா நாலு வார்த்த சொல்லுவான். இது நன்றின்னுட்டு கம்முனு கீது" என்றாள் இவள். அறை முழுக்கச் சிரிப்பு.

சிரித்தேனே தவிர எனக்கும் மனசு ஒரு மாதிரிதான் இருந்தது. மெஷினின் பக்கவாட்டில் உங்கள் கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அதனால் உன்னைக் கேட்கிறேன். எங்கள் விரல் எங்கே போய் இருக்கும்? யார் பார்ப்பார்கள்? வேலையை விட்டுப் போனால் திருப்பித் தருவார்களா? நேற்றுக் கனவில் உன் ஆபீசுக்கு வந்தேன். ஒரு கூடை நிறைய வெண்டைக்காய் மாதிரி எங்கள் விரல்கள். நீ ஒவ்வொன்றாக நுனியை உடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

போன வாரம் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துபோனோம். சும்மா ஒரு பரிசோதனை. நேரமாகிவிட்டதால் வீட்டுக்கு வரவில்லை. அம்மாவிடம் சொல்லாதே. கோபிக்காதே.

இப்படிக்கு, உன் பதிலை எதிர்பார்க்கும்
ரேணுகா


செங்கல்பட்டு
24.1.2024

அன்புத் தங்கை ரேணுவுக்கு அருணகிரி எழுதுவது. நாங்கள் எல்லோரும் நலம், அங்கு உங்கள் நலமறிய ஆவல். அம்மா தைலத்தைத் தேய்க்கிறாள், தேய்த்துவிட்டு நாற்றம் அடிக்கிறது என்று என்னைத் திட்டுகிறாள்.

உன் கடிதத்தை ஆபீசில் வைத்துப் படித்தேன். பக்கத்து சீட்டு துரை, "இன்னா அண்ணாத்த, லவ் லெட்டரா?" என்று கேட்டு மானத்தை வாங்கினான். பரவாயில்லை, எழுது. உன் கையெழுத்தைப் பார்த்துப் பல வருஷம் ஆகிறது.

மெஷின் நம்முடையதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலை பக்கத்து ஓட்டல்கள் பலவற்றுக்கு இந்த முறை நாங்கள்தான் கொடுத்தோம். நீ பயப்படவே வேண்டாம். விரலைப் படம் பிடித்து வைப்பதில்லை. ரேகையின் வளைவுகளைப் புள்ளிகளாக்கி, புள்ளிகளைக் கணக்காக்கி வைத்துக்கொள்ளும். அந்தக் கணக்கைப் பார்த்து யாரும் உன் விரலை வரைய முடியாது. இங்கே சர்வரில் நீ ஒரு பெயர், ஒரு எண், வந்த நேரம், போன நேரம். எத்தனையோ கம்பெனி, எத்தனையோ பேர். யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள்? கன்னியம்மாவிடமும் சொல்.

கூடை வெண்டைக்காய்க் கனவை ஜெயப்பிரியாவிடம் சொன்னேன். அன்றைக்கு வெண்டைக்காய்க் குழம்புதான், என்னால் சாப்பிட முடியவில்லை. ஆஸ்பத்திரி வரைக்கும் வந்தவள் வீட்டுக்கு வராமல் போனதில் அவளுக்கு வருத்தம். அம்மாவிடம் நான் சொல்லவில்லை.

அன்புடன்
அண்ணன் அருணகிரி


சதுரங்கப்பட்டினம்
20.2.2024

அன்புள்ள அண்ணனுக்கு, நலம். நீங்கள் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும்.

திருப்பித் தருவார்களா என்று கேட்டதற்கு நீ பதில் எழுதவில்லை. மறந்திருப்பாய். போகட்டும்.

இந்த மாசி வெயிலில் எங்கள் இடம் எப்படி இருக்கும் என்று உனக்குக் காட்ட ஆசை. நாலு பக்கமும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் தொங்கும். காற்று வந்தால் எல்லாம் ஒன்றாக உப்பி, ஒன்றாகத் தாழும். நடுவில் நடந்துபோனால் யாரையும் தெரியாது, என்னையும் யாருக்கும் தெரியாது. கன்னியம்மா எங்கோ ஒரு மடிப்புக்குள் இருந்து பாடுவாள். எந்தப் பக்கம் கடல், எந்தப் பக்கம் துணி என்று சில நேரம் எனக்கே குழம்பிவிடும். ஒரு நாள் விரிப்பை விலக்கினால் தண்ணீர்தான் இருக்கும் என்று நினைத்து விலக்கினேன், சலவைத்தூள் மூட்டை இருந்தது.

மதியம் எங்களுக்கு ஒரு மணி நேர ஓய்வு உண்டு. அதில் எனக்கென்று ஒன்று கிடைத்திருக்கிறது. என்ன என்று கேட்காதே. கெட்டது இல்லை. அவருக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில், அதற்கு முன்னாலும்தான், யாருக்கும் தெரியாத ஒன்று என்னிடம் இருந்ததே இல்லை. வாயில் கல்கண்டை ஒதுக்கிக்கொண்டு வேலை செய்வது போல இருக்கிறது. இதையே உன்னிடம்தான் சொல்கிறேன், அதுவும் பாதிதான்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

உன்
ரேணு


செங்கல்பட்டு
18.3.2024

அன்புத் தங்கைக்கு, இங்கு அனைவரும் நலம். நீ நலமாக இருப்பது தெரியும் என்பதால் கேட்கவில்லை.

பாதி சொன்னாயே, மீதியை நானே தெரிந்துகொண்டேன்! ஜெயப்பிரியாவுக்குக் கால் தரையில் நிலைகொள்ளவில்லை. மாங்காய் வாங்கி ஊறுகாய் போட ஆரம்பித்துவிட்டாள்.

எப்படித் தெரியும் என்று கேட்கிறாயா? காலையில் மெஷின் உன் விரலை ஒரே தடவையில் எடுத்துக்கொள்கிறது. மதியச் சாப்பாடு முடிந்து வரும்போது மட்டும் திரும்பத் திரும்பத் தள்ளுகிறது. தினமும் இப்படித்தான். சலவைத் தண்ணீரால் என்றால் சாயங்காலம் போகும்போதும் தள்ள வேண்டும், தள்ளவில்லை. ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் இதே கதைதான். ஒரு பெண்ணின் விரலை மெஷின் எடுக்கவே மாட்டேன் என்றது. நான் மெஷினை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன், கடைசியில் பார்த்தால் அந்தப் பெண் முழுகாமல் இருந்தாள். கை வீக்கம். சில பேருக்கு நின்றுகொண்டே இருந்தால் மதியத்தில் வீங்கும், சாயங்காலத்துக்குள் வடிந்துவிடும் என்று அங்கிருந்த நர்ஸ் சொன்னார். அப்புறம் இரண்டு மூன்று இடத்தில் நானே பார்த்துவிட்டேன். எங்கள் தொழிலில் அது ஒரு அடையாளம்.

ஆஸ்பத்திரிக்கு வந்தது, வீட்டுக்கு வராமல் போனது, யாருக்கும் தெரியாத ஒன்று, எல்லாம் சேர்த்துப் பார்த்தேன். மூன்று மாதம் முடிவதற்குள் வெளியே சொல்லக்கூடாது என்று இருக்கிறாய், சரிதான். நான் வாயைத் திறக்க மாட்டேன். உப்பைக் குறைத்துக்கொள். காலைத் தூக்கி வைத்து உட்கார்.

ரொம்ப சந்தோஷமாக இருக்கிறது ரேணு. ஆபீஸ் மாடியில் தனியாக நின்று அழுதேன்.

அண்ணன்


செங்கல்பட்டு
9.4.2024

அன்புத் தங்கைக்கு, நலம். பதில் இல்லையே, கோபமா?

அம்மாவிடம் நான் சொல்லவில்லை. ஊறுகாய்தான் சொல்லிவிட்டது. மார்ச் மாதத்தில் யாருக்கு இத்தனை மாங்காய் என்று ஜெயப்பிரியாவைக் குடைந்து கேட்டு வாங்கிவிட்டாள். மறுநாளே முழங்கால் வலியோடு திருப்போரூர் போய் முருகனுக்கு வேண்டிக்கொண்டு வந்தாள். அதோடு நின்றிருக்கலாம். உன் மாமியாருக்குப் போன் போட்டுவிட்டாள் என்று நேற்றுதான் தெரியும்.

என்ன ஆயிற்று? எழுது. மாப்பிள்ளை பார்த்திபனுக்குப் போன் செய்தேன், "பஸ் ஓட்டிக்கினு கீறேன் மச்சான்" என்று வைத்துவிட்டார். நீ வேலைக்கு ஒழுங்காகப் போய் வருகிறாய் என்பது மட்டும் ஆறுதல்.

அண்ணன்


சதுரங்கப்பட்டினம்
16.4.2024

அண்ணா,

நான் முழுகாமல் இல்லை.

அம்மா போன் செய்தபோது இங்கே ஸ்பீக்கரில் இருந்தது. நான் வேலையிலிருந்து வந்தபோது வாசலில் செருப்புகள் கிடந்தன. மாமியார் மல்லிகைப்பூவும் கண்ணாடி வளையலும் வாங்கி வைத்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரி என் கன்னத்தைத் தடவி, "சொல்லவேல்ல பாரு, கள்ளி" என்றாள். அத்தனை பேர் முன்னால் "இல்லை" என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. யாரும் நம்பவில்லை. திருஷ்டிக்கு மறைக்கிறாள் என்று சிரித்தார்கள். அப்புறம் அவர் வந்தார். ஜனவரியில் டாக்டர் சொன்னதை, இனிமேல் எங்களுக்கு அது இல்லை என்று சொன்னதை, நாங்கள் இரண்டு பேரும் எங்களுக்குள் வைத்திருந்ததை, கூடத்தில் நின்று அவர் சொன்னார். மாமியார் வளையலை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

யார் உட்கார்ந்து பார்க்கப்போகிறார்கள் என்று எழுதினாயே. எப்போதிலிருந்து பார்க்கிறாய்?

ரேணுகா


செங்கல்பட்டு
20.4.2024

ரேணு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. மன்னித்துவிடு என்று எழுதினால் அந்தக் கூடம் இல்லாமல் போகாது. அம்மா படுத்தே கிடக்கிறாள்.

உன் முதல் கடிதம் வந்த அன்றே பார்த்தேன். கம்பெனிக்காரர்களின் விவரத்தைத் தேவையில்லாமல் நாங்கள் திறக்கக்கூடாது, அது விதி. மெஷின் பழுதானால்தான் பார்க்க வேண்டும். நான் தினமும் பார்த்தேன். காலையில் ஆபீசுக்கு வந்ததும் உன் ஓட்டலைத் திறப்பேன். முதலில் எல்லாப் பெயரும் சாம்பல் நிறத்தில் இருக்கும். ஒவ்வொருவராக விரல் வைக்க வைக்கப் பச்சையாகும். கார்த்திகைக்கு வரிசையாக விளக்கு ஏற்றுகிற மாதிரி. உன் பெயர் பச்சையானதும்தான் எனக்கு நாஸ்தா இறங்கும். என் தங்கை எழுந்திருக்கிறாள், நடந்து வந்திருக்கிறாள், நன்றாக இருக்கிறாள். நாம் நேரில் பேசுவதில்லை என்றாயே, இது எனக்குப் பேசுகிற மாதிரி இருந்தது. உனக்குத் தெரியாமல் செய்கிறேன் என்பதே தோன்றவில்லை. அதுதான் கேவலம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மார்ச்சில் ரஞ்சித்குமாருக்குப் போன் செய்தேன். சர்வீஸ் விஷயமாகப் பழக்கம். என் தங்கைதான், பாரம் தூக்க விடாதீர்கள், மதியத்தில் மெஷின் எடுக்காவிட்டால் லேட் போடாதீர்கள் என்று சொன்னேன். நல்லதுக்கு என்று நினைத்துத்தான் சொன்னேன்.

நீ எழுதாவிட்டாலும் பரவாயில்லை. சாப்பிடு.

அருணகிரி


சதுரங்கப்பட்டினம்
19.5.2024

அண்ணா, நலம்தான்.

நீ நல்லதுக்கு என்று செய்த அந்தப் போனால் என்ன ஆனது தெரியுமா? ரஞ்சித்குமார் என்னை நாப்கின் மடிக்கிற மேஜையில் உட்காரவைத்தார். மற்றவர்கள் முகம் திருப்பிக்கொண்டார்கள். பிறகு மதிய நேரத்தில் மெஷின் தள்ளுகிறதே, என்ன விஷயம் என்று அவரும் பார்க்கத் தொடங்கினார். செக்யூரிட்டியை அனுப்பிப் பின்னால் வரவைத்தார். இப்போது பின்பக்க கேட்டுக்குப் பூட்டு. யாரும் ஓய்வு நேரத்தில் வெளியே போகக்கூடாது. போன மாதமே பூட்டிவிட்டார்கள். அன்றைக்கு எழுத எனக்குத் தெம்பில்லை.

இனி மறைத்து என்ன? கேள். நான் கடலில் மிதக்கக் கற்றுக்கொண்டிருந்தேன்.

நாம் ஏரிக்கரை ஆட்கள். இத்தனை வருஷம் கடல் பக்கத்தில் இருந்தும் முழங்காலுக்கு மேல் நனைந்ததில்லை. டாக்டர் சொன்ன பிறகு எங்கு உட்கார்ந்தாலும் அடிவயிற்றில் ஒரு பாரம், இறக்கி வைக்க இடமில்லை. ஒரு நாள் மதியம் விரிப்புகளுக்கு நடுவே அழுதுகொண்டிருந்தேன். கன்னியம்மா பார்த்துவிட்டாள். ஏன் என்று கேட்கவே இல்லை. "வா, தண்ணிக்குப் போலாம்" என்றாள்.

கோட்டைப் பக்கம் போகிற வழியில் பாறாங்கல் கொட்டித் தூண்டில் வளைவு போட்டிருக்கிறார்கள். அதற்குள் அலை அடங்கிக் குளம் மாதிரி கிடக்கும். முதல் நாள் அவள் என் முதுகுக்குக் கீழே ஒரு கையை மட்டும் வைத்தாள். "பயந்தினா முழுவுவ. தூங்கற மாதிரி இரு" என்றாள். காதுக்குள் தண்ணீர் வந்ததும் ஊர்ச்சத்தம் எல்லாம் நின்றுபோயிற்று. என் மூச்சு மட்டும் யாரோ பக்கத்தில் படுத்திருப்பது போலக் கேட்டது. அவள் எப்போது கையை எடுத்தாள் என்று தெரியாது. வானம் என்மேல் விரித்துப் போட்டிருந்தது. அந்தப் பாரம் இருந்தது அண்ணா, போகவில்லை. ஆனால் அதையும் சேர்த்துத் தண்ணீர் தாங்கிக்கொண்டது.

அப்புறம் தினமும் போனோம். அவசரமாக நாலு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடுவோம். நனைந்த நைட்டியை ட்ரையரில் போட்டால் காய்ந்துவிடும். சலவைக்காரிகள் ஈரமாக இருந்தால் யார் கேட்கப்போகிறார்கள்? உன் மெஷின் மட்டும்தான் கேட்டது. உப்புத்தண்ணீரில் ஊறிய விரல் கிழவி விரல் மாதிரி சுருங்கியிருக்கும். வைப்பேன், "மீண்டும் முயற்சிக்கவும்" என்பாள் அந்தப் பெண். சிரிப்பு வரும். துடைத்துத் தேய்த்து மறுபடி வைப்பேன். அந்தச் சுருக்கத்தைத்தான் நீ வீக்கம் என்று படித்தாய்.

என்னிடம் ஒன்றுதான் இருந்தது. அதை நீ எடுத்துப் பார்த்து, தப்பாகப் படித்து, ஊருக்கும் சொல்லி, கடைசியில் பூட்டும் போட்டுவிட்டாய்.

என் விரலை அந்த மெஷினிலிருந்து எடுத்துவிடு. வேலை போனாலும் போகட்டும். கன்னியம்மாவும் இன்னும் சிலரும் அதையே கேட்கிறார்கள்.

ரேணுகா


செங்கல்பட்டு
30.6.2024

அன்புள்ள ரேணுவுக்கு, நீ எழுதியதை நான் யாரிடமும் காட்டவில்லை. ஜெயப்பிரியாவிடமும் இல்லை. படித்துவிட்டு உனக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

ஓட்டலுக்கு வந்தேன். நீ உள்ளே இருந்தாய், நான் உன்னைக் கூப்பிடவில்லை. ரஞ்சித்குமாரிடம் உட்கார்ந்து பேசினேன். அந்த மெஷின் விரலையும் எடுக்கும், அட்டையையும் எடுக்கும். விரல் கொடுக்க விருப்பமில்லாதவர்களுக்கு அட்டை கொடுக்கலாம் என்று விற்கும்போதே நாங்கள் சொல்ல வேண்டும். சொல்வதில்லை, ஒருத்தருக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்பதால். இதைச் சொன்னதும், "இன்னா சார், வித்த நீங்களே இப்டி சொல்றீங்க?" என்று அவர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். தங்கை விவரத்தை நான் விதி மீறிப் பார்த்தேன், அந்த விவரத்தை வைத்து நீங்கள் ஆள் அனுப்பிப் பின்தொடர்ந்தீர்கள், இரண்டும் தப்பு, நான் என் மேலதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றேன். அவர் ரொம்ப நேரம் மேஜைக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு சரி என்றார். கேட் விஷயம் தன் கையில் இல்லை, முதலாளியிடம் கேட்க வேண்டும் என்றார்.

என் மேலதிகாரி திட்டித் தீர்த்தார், எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார். வேலை இருக்கிறது. கடற்கரை ஓட்டல்கள் எல்லாவற்றையும் என்னிடமிருந்து எடுத்துத் துரையிடம் கொடுக்கச் சொன்னேன், கொடுத்துவிட்டார்கள். உங்கள் விரல்களை அழிக்க அவன்தான் வருவான்.

முதல் கடிதத்தில் கேட்டாயே, திருப்பித் தருவார்களா என்று. அன்றைக்கு எனக்குப் பதில் தெரியாது. யாரும் கேட்டதில்லை.

இப்போது காலையில் என் திரையில் உன் ஊர் இல்லை. நாஸ்தா சரியாக இறங்கவில்லை. பழகிவிடும்.

அருணகிரி


சதுரங்கப்பட்டினம்
28.7.2024

அண்ணா, நலம்.

துரை வந்தார். எங்கள் முன்னாலேயே அழித்தார். அழித்த பிறகு ஒவ்வொருத்தியும் விரலை வைத்துப் பார்த்தோம். "பதிவில் இல்லை" என்றாள் அந்தப் பெண். கன்னியம்மா, "ஏம்பா, போச்சா? எங்க போச்சி?" என்று மெஷினின் பின்பக்கம் எட்டிப் பார்த்தாள். எல்லோருக்கும் கழுத்தில் அட்டை. கேட் இன்னும் பூட்டித்தான் இருக்கிறது.

நீ செய்ததற்கு நன்றி சொல்ல வேண்டும் என்று தெரிகிறது. மனசு இன்னும் அங்கே வரவில்லை. கொஞ்ச காலம் போன் செய்யாதே, வராதே. எனக்குத் தோன்றும்போது நானே எழுதுகிறேன். அதுவரைக்கும் என்னைப் பற்றி யாரிடமும் விசாரிக்காதே. அப்படி இருப்பாயா?

ரேணுகா


செங்கல்பட்டு
4.12.2024

அன்புள்ள ரேணுவுக்கு,

நீ எழுதும் வரை எழுதக்கூடாது என்று இருந்தேன். ஆடியிலிருந்து கார்த்திகை வரைக்கும் இருந்துவிட்டேன். இந்தப் புயல் என்னைத் தோற்கடித்துவிட்டது.

மூன்று நாள் மழையில் எங்கள் தெருவே தெரியவில்லை. உங்கள் பக்கம் கரண்ட் இல்லை, கடல் ஊருக்குள் வந்துவிட்டது என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். துரை, "இன்னா அண்ணாத்த இப்டி பேஜாரா கீற? தங்கச்சி அட்டை வெச்சாங்களான்னு ஒரு தட்டு தட்டி பாத்து சொல்லட்டா?" என்றான். அவன் திரை எனக்கு ஒரு கை தூரத்தில் இருந்தது. எழுந்து வெளியே போய் மழையில் நின்றேன். வேண்டாம் என்று சொல்லத் தெம்பில்லாமல்தான் போனேன்.

அம்மா பிறகு போன் செய்தாள். உன் மாமியார் "நல்லா கீறா" என்றாராம். அது அவர் சொன்ன நலம்.

எத்தனை கடிதத்தில் "நலமறிய ஆவல்" என்று எழுதியிருப்பேன். பாதி, பழக்கத்தில் எழுதியது. மீதி, ஏற்கனவே தெரிந்துகொண்டு எழுதியது. இன்றைக்குத்தான் எனக்கு நிஜமாகவே ஒன்றும் தெரியாது ரேணு. நீ எழுந்தாயா, நடந்தாயா, வீடு நனைந்ததா, எதுவும் தெரியாது. உன்னைக் கேட்பதைத் தவிர எனக்கு வேறு வழியும் இல்லை, வேறு வழி வேண்டவும் வேண்டாம்.

நலமா?

அண்ணன்


சதுரங்கப்பட்டினம்
11.12.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம்.

வீட்டில் பின்பக்க ஓடு போனது, வேறொன்றும் இல்லை. மாமியாரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்திருந்தோம். அங்கே எல்லோருக்கும் இட்லி ஊற்றி, எல்லோர் வீட்டுக் கதையும் கேட்டு, சந்தோஷமாகத் திரும்பி வந்தார். அந்த வளையல்களை இங்கே ஒரு பெண்ணின் வளைகாப்புக்குக் கொடுத்துவிட்டார். கொடுக்கட்டுமா என்று முதலில் என்னை உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டுக் கேட்டார். அவர் கதவு சாத்தி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

இந்த ஞாயிற்றுக்கிழமை கடல் அடங்கியது. கன்னியம்மா வாசலில் வந்து நின்று, "நம்ம கொளம் கீதா, இல்ல அட்ச்சிகினு பூட்ச்சா, வா பாப்போம்" என்றாள். போனோம். தூண்டில் வளைவில் கற்கள் இடம் மாறியிருக்கின்றன. எங்கள் குளம் கொஞ்சம் தெற்கே தள்ளிப் புதிதாக இருக்கிறது. அவரிடம் நான் ஐப்பசியிலேயே சொல்லிவிட்டேன். அன்றைக்கு அவரும் வந்தார். துண்டை மடியில் வைத்துக்கொண்டு, எங்களுக்கு முதுகைக் காட்டி ரோட்டைப் பார்த்து உட்கார்ந்திருந்தார், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர் மாதிரி. ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. எனக்கு அவர்மேல் அவ்வளவு அன்பு வந்தது.

கேட்டை ரிசார்ட்டில் திறக்கவில்லை. திறக்கும் வரை கேட்டுக்கொண்டே இருப்போம். இப்போதைக்கு ஞாயிற்றுக்கிழமை என்னுடையது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. அன்றைக்கே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் தண்ணீரில் இருந்து ஏறியதும் எழுத வேண்டும் என்று தோன்றியது. அதனால் இன்று லீவு போட்டுவிட்டுத் தாளையும் பேனாவையும் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவந்தேன். கல்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். தலையில் இருந்து சொட்டுகிறது, எழுத்து கலைந்திருந்தால் பொறுத்துக்கொள்.

கீழே ஓரத்தில் மை ஈரமாக இருக்கும்போதே என் கட்டைவிரல் பட்டுவிட்டது. ஊறிச் சுருங்கின விரல், உன் மெஷின் எடுக்கவே மாட்டேன் என்றது இதைத்தான். தாள் எடுத்துக்கொண்டது. இது நான் கொடுப்பது, வைத்துக்கொள்.

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு. நீ காலையில் ஒழுங்காக நாஸ்தா சாப்பிடுகிறாயா? எனக்குத் தெரியாது, எழுது.

உன்
ரேணு